கைதட்டல் போதுமா?

சென்ற மாதம் நம் தமிழ் மன்றத்தில் நடந்த படைப்பரங்கத்திற்கு வந்திருந்தவர்கள் அறிவார்கள். அறுவர் எழுந்து தம் படைப்புகளைப் படித்தனர். கவிதை நான்கு, சிறுகதை இரண்டு. ஒவ்வொருவர் முடித்ததும் கைதட்டல் எழுந்தது. தலைமை வகித்தவர் முதலாமவரை "அருமை" என்றார். இரண்டாமவரை "மிக அருமை" என்றார். மூன்றாமவரிடம் வரும்போது சொல் தீர்ந்துவிட்டது போலும்; "அருமையிலும் அருமை" என்றார். பிறகு தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பின் நடந்ததை. உண்மையான விமரிசனக் கூட்டம் மாடிப்படியில் இறங்கும்போதுதான் நடந்தது. "அந்த மூன்றாவது கவிதை எங்கோ கேட்டது போல இல்லை?" என்றார் ஒருவர். "கதை நன்றாகத்தான் தொடங்கியது; அந்தத் தாத்தாவை எதற்காகச் சாகடித்தார்?" என்றார் இன்னொருவர். "கடைசிப் பத்தியை எடுத்துவிட்டால் கதை நிமிர்ந்து நிற்கும்" என்றார், எப்போதும் வாயே திறக்காத ஓர் அன்பர். கேட்கக் கேட்க எனக்கு வியப்பு. இத்தனை கூர்மையான காதுகளை வைத்துக்கொண்டா இவர்கள் மேலே அத்தனை நேரம் கைதட்டினார்கள்? படியில் பேசியவை அத்தனையும் பயனுள்ள பேச்சு. அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேர் மட்டும் படியில் இல்லை. அவர்கள் மேலே நின்று வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

நண்பர்களே, பிறரைக் குறை கூறுமுன் என் கதையைச் சொல்லிவிடுவது முறை.

ஈராண்டுக்கு முன் நம் ஆண்டு மலரில் நான் ஒரு சிறுகதை எழுதினேன். எங்கள் விடுதி வாயிலில் இரவுக் காவல் இருக்கும் பெரியவரைப் பற்றியது. கட்வால் மலைப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக டில்லிக்கு வந்தவர் அவர். சனவரிக் குளிரில் சருகையும் அட்டைப் பெட்டியையும் கொளுத்திக் குளிர்காய்வார். கதையை மலருக்குக் கொடுப்பதற்கு முன் நண்பர்கள் மூவரிடம் காட்டினேன். ஒருவர் கண் கலங்கியதாகச் சொன்னார். ஒருவர் பெரிய பத்திரிகைக்கே அனுப்பலாம் என்றார். மூன்றாமவர் கைப்பேசியில் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினார். பாதிதான் படித்தார் என்று பிற்பாடு தெரிந்தது. கதை அச்சாயிற்று. நானும் சில நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரு மாதம் கழித்து, வேதியியல் படிக்கும் இளைய மாணவி ஒருவர் நூலக வாயிலில் என்னை நிறுத்தினார். "அண்ணா, உங்கள் கதையில் அந்தக் காவல்காரர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! பக்கம் முழுவதும் நீங்கள்தான் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "கதை உனக்குப் புரியவில்லை அம்மா, அந்த மௌனம்தான் கதை" என்று பெரிய மனிதத் தோரணையில் ஒரு விடை சொல்லிவிட்டு நடந்தேன். அதற்குப் பின் பல நாள் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதும் உண்டு. ஆனால் அன்றிரவே வாயிலைக் கடக்கும்போது எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெரியவரோடு நான் பேசியதெல்லாம் கதவைத் திறக்கச் சொன்ன ஒற்றை வாக்கியம்தான். அவர் பேசுவது எனக்குத் தெரியாது. தெரியாததை மௌனம் என்று பெயரிட்டுக் கதையாக்கியிருக்கிறேன். அம்மாணவி சொன்னது சரி என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளப் பத்து மாதம் ஆயிற்று. பிறகு அவரிடம் சென்று, "இதை அச்சாகும் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நீங்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லையே, அண்ணா" என்றார்.

இந்த விடையில்தான் நம் மன்றத்தின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது. நமக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்பவர்கள் இருக்கிறார்கள், எழுதுவோரின் கூட்டத்திற்கும் குறைவில்லை. எழுத்து இன்னும் மையாக, மாற்றத்தக்கதாக இருக்கும் பொழுதில் அதைப் பிறர் முன் வைத்து, "எங்கே தடுக்குகிறது, சொல்லுங்கள்" என்று கேட்க ஓர் இடம் இல்லை. அச்சான பிறகு வரும் விமரிசனத்துக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. சென்னையில் 1970-ஆம் ஆண்டில் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஆராய்ந்து சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து எத்தனையோ எழுத்தாளர்களை ஊக்குவித்தது. எனினும் அது வெந்த சோற்றுக்கு மதிப்பிடும் வேலை. உலையில் இருக்கும்போதே உப்புப் பார்ப்பது வேறு வேலை.

இது மேனாட்டாரிடம் கற்க வேண்டிய புதுமையன்று. நூலை அரங்கேற்றுவது நம் முன்னோர் வழக்கம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அந்த ஆசான் குறை கூறக் கூறத் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதையும் தருகிறார். நாம் இன்று நடத்தும் நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை இருக்கிறது, மாலை இருக்கிறது. கேள்வி கேட்கும் ஆசானைத்தான் காணோம்.

இதைவிட எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. நக்கீரர் என்றவுடன் நமக்கு நெற்றிக்கண் நினைவுக்கு வருகிறது. 1965-இல் வந்த திருவிளையாடல் படம் செய்த வேலை அது. விமரிசனம் என்றாலே சண்டை என்று நம் மனத்தில் பதிந்துபோயிற்று. இறையனார் களவியலின் உரையில் அதே நக்கீரர் வேறொரு கோலத்தில் நிற்கிறார். சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் அந்நூலுக்கு உரை எழுதிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தம் உரையே மெய்யுரை என்றார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? நடுநின்று தீர்ப்புச் சொல்ல யாரை அழைத்தார்கள் தெரியுமா? உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன். வயது ஐந்து. வாய் பேசாத பிள்ளை. அவனை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்திப் பெரும்புலவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தம் உரையைப் படித்தார்கள். பிள்ளை சும்மா இருந்தான். மருதன் இளநாகனார் படித்தபோது சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் படித்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்ந்தான், சொல்தோறும் மெய்சிலிர்த்தான். புலவர்கள் அதைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார்கள்.

வரலாறு என்று நான் இதைச் சொல்லவில்லை, கதைதான். ஆனால் எத்தகைய கதை! பட்டம் பெற்ற பண்டிதர் தேவையில்லை, கேட்கத் தெரிந்த ஓர் உயிர் போதும் என்கிறது. அந்தப் பிள்ளை இலக்கணக் குற்றம் எடுத்துச் சொல்லவில்லை. தன் உடம்பில் என்ன நேர்ந்தது என்பதை மட்டுமே காட்டினான். நாற்பத்தொன்பது புலவர்களும் அவன் முகத்தையே பார்த்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு நம் மன்றத்துக் கைதட்டல் சற்றே வெட்கம் தருகிறது.

எங்கள் விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் உருது இலக்கிய ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். உருத்திரசன்மன் கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கள் மதுரையில் கேட்பவர் ஊமை, எங்கள் லாகூரில் எழுதியவர் ஊமை" என்றார். அப்போதுதான் ஹல்கா-ஏ-அர்பாப்-ஏ-சௌக் என்ற அமைப்பைப் பற்றி அறிந்தேன். சுவைஞர் வட்டம் என்று தமிழில் கூறலாம். 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லாகூரில் சில இளைஞர்கள் ஒரு வீட்டில் கூடிக் கதை படிக்கத் தொடங்கினார்கள். முதலில் கதை சொல்வோர் அவை என்றே அதற்குப் பெயர். மறு ஆண்டில் மீராஜி என்ற கவிஞர் வந்து சேர்ந்தார். கதையோடு கவிதையும் விமரிசனமும் அங்கே இடம்பெற்றன. உருதுப் புதுக்கவிதைக்கு அந்த வட்டம் ஒரு தொட்டிலாயிற்று.

அங்கே முறை இதுதான். வாரந்தோறும் கூடுவார்கள். சென்ற வாரம் யார் எதைப் படித்தார், யார் என்ன சொன்னார் என்ற குறிப்பு முதலில் படிக்கப்படும். பிறகு ஒருவர் தம் படைப்பைப் படிப்பார். படித்து முடித்ததும் அவையினர் பேசுவார்கள். அவர்கள் பேசி முடியும் வரை எழுதியவர் வாய் திறத்தல் ஆகாது. விளக்கம் சொல்லக் கூடாது, மறுக்கக் கூடாது. புதியவருக்கும் அதே விதி. புகழ் பெற்றவருக்கும் அதே விதி. 1947-இல் நாடு பிரிந்தது. லாகூர் அப்பக்கம் போயிற்று. மீராஜி 1949-இல் பம்பாயில் காலமானார். 1970-களில் அரசியல் வேறுபாட்டால் வட்டமே இரண்டாகப் பிளந்தது. ஆயினும் அந்த வாராந்தரக் கூட்டம் அற்றுப்போகவில்லை. எத்தனை ஆட்சிகள் மாறின! எழுதியவர் வாய்மூடிக் கேட்கும் அந்தச் சிறு வழக்கம் மட்டும் நிலைத்தது.

ஏன் அந்த விதி என்று நான் கேட்டேன். நண்பர் விடை சொல்லவில்லை. என் காவல்காரர் கதை நினைவுக்கு வந்து தானே விடை சொல்லிற்று. "அந்த மௌனம்தான் கதை" என்று நான் மாணவியிடம் விளக்கம் சொன்னேன் அல்லவா? அந்த விளக்கம் கதையில் இல்லை. என் வாயில் இருந்தது. அச்சான கதை அறையறையாகப் போகும்போது என் வாயும் கூடவே போகுமா? எழுதியவன் விளக்கத் தொடங்கிவிட்டால் அவன் கேட்பதை நிறுத்திவிடுகிறான். அடுத்த மறுமொழிக்குச் சொல் தேடுகிறவன் காதில் எது ஏறும்?

அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்தில் 1936-ஆம் ஆண்டில் தொடங்கிய எழுத்துப் பட்டறையின் வழியாக உலகெங்கும் பரவிய முறையும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அண்மை ஆண்டுகளில் அந்நாட்டிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்திருக்கிறது. பத்து வெள்ளையர் சூழ்ந்த அறையில் ஒரு கறுப்பர் தம் கதையைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டும். மற்றவர்கள் அவர் வாழ்வையே அறியாமல், "இது நம்பும்படி இல்லை, அது புரியவில்லை" என்று அடுக்குவார்கள் என்றால், அந்த மௌனம் கல்வியா, தண்டனையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அது எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நம் மன்றத்திலேயே அது நடந்தது. நானும் அங்கே இருந்தேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் முதலாண்டு மாணவர் ஒருவர் படைப்பரங்கத்திற்கு வந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்; அவர் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் பிள்ளை. தம் தாயார் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பற்றி ஒரு கதை எழுதி வந்திருந்தார். விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைப்பார்கள். நாள் கணக்கில் அது உள்ளுக்குள் வேகும். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்தால் அத்தனையும் சாம்பல். நள்ளிரவில் தாய் எழுந்து போய், புகை வெள்ளையாகவே இருக்கிறதா, நீலம் பாய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள். மகன் பாயில் படுத்தபடி அவள் திரும்பி வரும் காலடிக்குக் காத்திருக்கிறான். இதுதான் கதை. எழுத்துப் பிழைகள் இருந்தன. முடிவு அவசரமாக இருந்தது. ஆயினும் அந்தப் புகையை நான் அன்று கண்ணால் கண்டேன்.

கதை முடிந்ததும் அன்பர் ஒருவர் எழுந்தார். தமிழ்ப் பற்று மிக்கவர். நல்ல நோக்கத்தோடுதான் பேசினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. "மூட்டம் என்றால் மேகமூட்டம் அல்லவா? கரிக்கு எப்படி மூட்டம் வரும்? கரி உலை என்று திருத்தினால் நல்ல தமிழாக இருக்கும்" என்றார். பிறகு அந்தத் தாய் பேசும் ஊர்ப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதன் "சரியான" வடிவத்தைச் சொல்லிக் காட்டினார். அவையில் சிலர் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து ஒரு சொல் சொல்லவும் இல்லை. அந்த மாணவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அவர் மன்றத்திற்கு வரவில்லை.

அன்று அவருக்குக் கைதட்டல் மட்டும் கிடைத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். உண்மை என்னவென்றால், கைதட்டியவர்களும் கதையைக் கேட்கவில்லை, திருத்தியவரும் கேட்கவில்லை. அந்தப் புகை ஏன் நிறம் மாறுகிறது என்று ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்லியதைக் கதைக்குள் சேர்க்கத் தோன்றியிருக்கும். அவசர முடிவும் தானே நிதானப்பட்டிருக்கும்.

ஊர்ச் சொல்லைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்ற சிற்றூரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் ஒன்றாக வளர்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே முடிக்காத ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே கொண்டுவந்தார். புதுவைப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக்கிற்று. 1991-இல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அழகிரிசாமிக்கு அப்பரிசு 1970-இல், அவர் மறைந்த பின் கிடைத்தது. அழகிரிசாமி தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. ஒரே சிற்றூரில் இரண்டு பேர், ஒருவர் எழுத்தை ஒருவர் மனம் வைத்துப் படித்தார்கள். ஆயிரம் பேர் தட்டும் கை அந்த இரண்டு பேருக்கு ஈடாகுமா?

"இங்கே நாம் இருப்பதே சிலர். சொந்த ஊரிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ் கேட்க வருகிறோம். இதிலும் குறை சொல்லி ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்க வேண்டுமா?" என்று என் நண்பர் ஒருவர் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். வாரம் முழுவதும் இந்தியும் ஆங்கிலமும் பேசிக் களைத்து வருகிறவனுக்கு, தமிழில் யாராவது நாலு வரி படித்தாலே நெஞ்சு நிறைகிறது. அப்போது அந்த வரி நல்ல வரியா என்று யார் பார்ப்பார்? கைதட்டுவது கவிதைக்கு அல்ல, ஊருக்கு. அது இருக்கட்டும். படைப்பரங்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது நமக்குத் திருவிழா. திருவிழாவில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

"வழிகாட்ட இங்கே அறிஞர் யார் இருக்கிறார்?" என்றார் இன்னொருவர். இதை நான் ஒப்பமாட்டேன். கணையாழி 1965-இல் தொடங்கியது சென்னையில் அல்ல, இந்த டில்லியில். இந்திரா பார்த்தசாரதி இங்கே டில்லிப் பல்கலைக் கழகத்தில் தமிழ் கற்பித்துக்கொண்டேதான் எழுதினார். கல்லிடைக்குறிச்சியில் பிறந்த ஆதவன் இந்நகரத்துப் பேருந்துகளையும் அலுவலகங்களையும் கல்லூரி வராந்தாக்களையும் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்தார். அறிஞர் வரட்டும் என்று காத்திருப்பதை விட, ஐந்து வயதுப் பிள்ளையைப் போல் கேட்கக் கற்றுக்கொள்வது எளிது.

நான் வேண்டுவது சிறிய ஏற்பாடு. மன்ற அறை ஞாயிறு மாலையில் பூட்டியே கிடக்கிறது. எட்டுப் பேர் வந்தால் போதும். பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். படிக்கப் போகிறவர் இரண்டு நாள் முன்பாகவே படி எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். படித்ததும் கேட்டவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லட்டும்: எந்த இடத்தில் மனம் ஒன்றியது, எந்த இடத்தில் வழி தவறியது, எதை இன்னும் அறிய விரும்புகிறார். தெரியாத சொல் வந்தால் கேட்கலாம்; திருத்தக் கூடாது. அரை மணி நேரம் எழுதியவர் வாய் திறக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவர் பேசட்டும், விரும்பினால் கேள்வியும் கேட்கட்டும். லாகூர் விதியை இந்த அளவுக்கு நான் தளர்த்திக்கொள்கிறேன். "அருமை" என்ற சொல்லுக்கு மட்டும் அந்த அறையில் தடை. சொல்ல விரும்புகிறவர் எது அருமை என்று வரியைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஒருவர் குறிப்பெழுதி அடுத்த வாரம் படிப்பார். மாடிப்படியில் பேசுவதை அறையிலேயே பேசிவிட வேண்டும் என்பது எழுதாத விதி.

முதல் ஞாயிறு காவல்காரர் கதையை நானே படிக்கிறேன். மாற்றி எழுதியிருக்கிறேன். இப்போது அவர் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறாரா என்பதை வேதியியல் மாணவி சொல்வார், வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அரை மணி நேரம் வாய்மூடி இருப்பேனா என்று பார்க்கவே சிலர் வரக்கூடும், வரட்டும்.

சென்ற வாரம் அந்த இராமநாதபுரத்து மாணவரின் அறைக்கும் போயிருந்தேன். அன்று நான் பேசாமல் இருந்தது தவறு என்று சொன்னேன். தேர்வு இருக்கிறது, பார்க்கலாம் என்றார். வாசல் வரை என்னோடு வந்தவர், சிறிது நேரம் தயங்கி நின்றுவிட்டு, "மூட்டம்னே படிக்கலாமாண்ணே?" என்று கேட்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்குப் பலர் பெயர் கொடுக்கிறார்கள். அதை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.